இஞ்சி ஜாடி திறக்கும் நாள்

சுன்வுய், படகுத்துறைத் தெரு
செப்டம்பர் 6, 1981

என் ஆ-வானுக்கு,

அப்பா நலம். மழை வருவதற்கு முன்னால் வலது முழங்கால் எனக்குத் தகவல் சொல்லிவிடும், அந்தப் பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை. அங்கே நீ, மாப்பிள்ளை, அவருடைய அம்மா எல்லாரும் சுகந்தானே?

உன் கடிதத்தை எஞ்சின் அறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் என்ன தோன்றியதோ, படகின் சங்கைப் பிடித்து ஊதிவிட்டேன். கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் படகு கிளம்புகிறது என்று மூட்டை முடிச்சோடு ஓடி வந்தார்கள். படகோட்டி என்னைத் திட்டியதைக் கடிதத்தில் எழுத முடியாது. திட்டட்டும். தாத்தா ஆகப்போகிறவனுக்கு எதுவும் உறைக்காது.

காலையில் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் போய் ஆஸ்பத்திரி எதற்கு? பச்சை இஞ்சி இருக்கிறது. தோலைச் சீவாதே. தோல் குளிர்ச்சி, சதை சூடு, இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு ஏற்கும். மெல்லிசாக மூன்று துண்டு நறுக்கி, எழுந்தவுடன் ஒவ்வொன்றாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொள். பொழுது சாய்ந்த பிறகு இஞ்சியைத் தொடாதே. உன்னைச் சுமந்தபோது உன் அம்மா இப்படித்தான் செய்தாள். வாந்தி நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை, என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் இருந்திருந்தால் உன் பிள்ளைப்பேற்றுக்கு இந்நேரம் இஞ்சி ஜாடி போட்டிருப்பாள். உன் மாமியார் சீனாவின் வடகோடியில் பிறந்தவர், அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. அதனால் நானே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஃபுங் அண்ணியிடம் சொன்னதுதான் தாமதம்.

"எஞ்சினுக்கு எண்ண ஊத்துற கையால இஞ்சி வறுக்கப் போறியாக்கும்? புள்ள பொறக்கும்போதே பொகை விடும்யா!" என்றாள். "ஆம்பள போட்ட ஜாடி புளிச்சுப் போயிரும்."

"வினிகர் புளிக்காம பின்ன என்ன அண்ணி பண்ணும்?" என்றேன். ஃபுங் அண்ணியிடம் பதில் இல்லாமல் போன நாளைக் குறித்து வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான எதையும் தூக்காதே.

அப்பா


ஹார்பின்
செப்டம்பர் 29, 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். வயிற்றில் இருக்கும் ஆளையும் சேர்த்தால் நால்வரும் நலம். உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இஞ்சி வேலை செய்தது அப்பா! நான்காம் நாள் ஒரு கிண்ணம் கஞ்சி முழுதாக உள்ளே போய், உள்ளேயே தங்கியது. உங்கள் மாப்பிள்ளை சுன்லின் சந்தோஷத்தில் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது நெசவுப் பிரிவில் எல்லாரும் என்னை 'இஞ்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. நான் நாக்குக்கு அடியில் இஞ்சி அடக்கியிருக்கும்போது பேசினால் கண்டுபிடித்துவிடுவார். "உங்க தெக்கத்திக்காரங்களுக்குத் தும்மினா இஞ்சி, தடுக்கி விழுந்தா இஞ்சி. அது நெருப்பும்மா. வயித்துப் புள்ளைக்குச் சூடு ஆகாது" என்கிறார். கோபத்தில் சொல்வதில்லை, பயத்தில் சொல்கிறார். இங்கே பிள்ளை பெற்றவளுக்குத் தினைக் கஞ்சியும் கருப்புச் சர்க்கரையும் முட்டையும்தான். எனக்காக இப்போதே தினை சேர்த்து வைக்கிறார்.

ஒரு சங்கடம். இங்கே குளிர்காலம் நெருங்க நெருங்கக் கடையில் இஞ்சி வருவதே இல்லை. சுன்லின் ஊரெல்லாம் அலைந்து ஒரே ஒரு துண்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதைப் பார்த்தால் எங்கேயாவது மோதிக்கொண்ட விரல் மாதிரி இருந்தது.

நீங்கள் ஜாடி போடுவதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. வறுக்கும்போது கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்
சுத்-வான்


சுன்வுய்
அக்டோபர் 17, 1981

ஆ-வான்,

நலமாக இருக்கிறேன், அப்படியே நீங்களும் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள். இஞ்சி விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

ஜாடி போட்டாகிவிட்டது. முற்றிய கிழ இஞ்சியாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, கத்தியின் பக்கவாட்டால் தட்டி, எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் வறுத்தேன். ஈரம் வற்றி ஓரம் சுருங்கும்வரை வறுக்க வேண்டும். தெருவே தும்மியது. பிறகு இனிப்புக் கருப்பு வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மண் ஜாடியில் மூடி வைத்தேன். மாதம் ஒருமுறை கொதிக்க வைத்து இன்னும் கொஞ்சம் இஞ்சி சேர்ப்பேன். குழந்தை பிறந்ததும் பன்றிக்காலும் முட்டையும் போட்டுக் காய்ச்ச வேண்டியதுதான்.

என் கைப்பக்குவத்தில் குறை கண்டுபிடிக்க ஃபுங் அண்ணி மூன்று தடவை வந்து மூடியைத் திறக்கப் பார்த்தாள். விடவில்லை. "சும்மா மோந்து பாக்குறேன்யா" என்றாள். "புள்ள வந்தாத்தான் மூடி தெறக்கும். போயிட்டு சித்திரைல வா" என்றேன்.

உனக்கு நினைவிருக்கும். ஜாடி திறந்த அன்று வீடு வீடாகக் கிண்ணம் போகும். கிண்ணம் வந்தாலே போதும், குழந்தை பிறந்துவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். நீ பிறந்து நாங்கள் கிண்ணம் கொடுத்தபோது திரும்பி வந்த அரிசி ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு மரப்பெட்டி அனுப்புகிறேன். நல்ல இஞ்சியாகப் பொறுக்கி, ஈர ஆற்று மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். மணலில் இருந்தால் சித்திரை வரைக்கும் பச்சையாகவே இருக்கும். நம் ஆற்று மணல், வாசம் பிடித்துப் பார்.

அப்பா


ஹார்பின்
நவம்பர் 24, 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம். குளிர் காலத்தில் வரும் உங்கள் இருமல் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதவில்லை என்றால் இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டி வந்தது. முதலில் சிரித்து முடிக்கிறேன், பிறகு எழுதுகிறேன்.

அப்பா, இங்கே தெருவில் துப்பினால் அது கீழே விழும்போது கல்லாகிவிடுகிறது. உங்கள் ஈர மணல் வழியிலேயே உறைந்து ஒரே செங்கல்லாக வந்து சேர்ந்தது. அத்தை தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா எதுக்கும்மா மண்ணு அனுப்பிருக்காரு? நம்ம ஊர்ல மண்ணுக்கா பஞ்சம்?" என்றார். சுன்லின் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். உடைக்க முடியவில்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்தோம். உருகி, அறையெல்லாம் நம் ஆறு ஓடியது. இஞ்சியெல்லாம் கறுத்துக் குழைந்து போயிருந்தது. நடுவில் இருந்த இரண்டு கிழங்கு மட்டும் பிழைத்தது. மணலில் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். வாசம் பிடித்துப் பார்த்தேன். நம் படகுத்துறை வாசம்தான்.

இன்னொரு செய்தி. போன வாரம் தறியின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது குழந்தை அசைந்தது. முதலில் பசி என்று நினைத்தேன். பிறகு மறுபடியும். தறி ஓடும் சத்தத்துக்கு அது தாளம் போடுகிறது என்று சுன்லின் சொல்கிறார்.

ஜாடி உங்களுடையது, அதனால் பெயரும் நீங்கள்தான் வைக்க வேண்டுமாம். அத்தையும் ஒத்துக்கொண்டார். "அவருக்குப் பொண்டாட்டி இல்ல, பேரு வைக்கிற சந்தோஷமாவது இருக்கட்டும்" என்றார்.

மகள்
சுத்-வான்


சுன்வுய்
டிசம்பர் 10, 1981

என் கண்ணே,

இருமல் இருந்தது, போய்விட்டது. நீ அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுகிறாய். அங்கே எல்லாரும் சுகமா? கால் வீங்குகிறதா? வீங்கினால் இஞ்சித் தோலை மட்டும் சீவிக் காயவைத்துக் கொதிக்க வைத்துக் குடி, நீர் இறங்கும்.

மணல் கதையைப் படகில் சொன்னேன். ஒரு பயணி சிரித்துச் சிரித்துத் தொப்பியை ஆற்றில் விட்டுவிட்டார். பனி என்றால் வெள்ளையாக மேலிருந்து விழும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பனியையே பார்க்காமல் உனக்குப் பனிமேகம் என்று பெயர் வைத்தவன் நான். இந்த முறை உமியும் பஞ்சும் வைத்து இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

துப்பினால் கல்லாகிற ஊரில் மூன்று துண்டு எந்த மூலைக்கு? ஆறாகப் போட்டுக்கொள். குளிர் உள்ளே இறங்கக் கூடாது.

பெயர் முடிவு செய்துவிட்டேன். பெண்ணானாலும் பையனானாலும் பொருந்தும். ஜாடி திறக்கும் நாளில்தான் சொல்வேன். அதற்கு முன்னால் கேட்காதே. ஃபுங் அண்ணி கேட்டுக் கேட்டு எனக்கு முட்டைப் பொரியல்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். பொரியலைச் சாப்பிட்டேன், பெயரைச் சொல்லவில்லை.

அப்பா


சுன்வுய்
ஜனவரி 5, 1982

ஆ-வான்,

நான் நலம். நீ?

என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று நினைக்கிறேன். பனியில் ரயில் நின்றிருக்கும் என்று தபால்காரர் சொல்கிறார். அவர் பனியை எங்கே கண்டார்?

ஜாடியை மறுபடி கொதிக்க வைத்தேன். நிறம் நன்றாக இறங்கியிருக்கிறது. ஒரு வரி எழுதிப் போடு. வேலை அதிகம் என்றால் மாப்பிள்ளையை எழுதச் சொல்.

அப்பா


ஹார்பின்
ஜனவரி 12, 1982

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. பெட்டியும் வந்தது. இந்த முறை இஞ்சி நன்றாக இருக்கிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாள் உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை.

இங்கே பனி அதிகம். சுன்லினுக்கு வேலை அதிகம். அத்தை நலம்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி கேட்டாள். கிழ இஞ்சியை வறுத்து அரிசிச் சாராயத்தில் கோழியோடு போட்டுக் காய்ச்சுவார்களே, அதற்கு இஞ்சியின் தோலைச் சீவ வேண்டுமா, வேண்டாமா? அம்மா எப்படிச் செய்வாள்? எனக்கு நினைவில் வரவில்லை. அவளுக்குக் கைகால் சூடேறவே இல்லையாம்.

இந்த மாதக் கடைசியில் வரும் நம் புது வருடத்துக்கு வெளியே அதிகம் அலையாதீர்கள்.

சுத்-வான்


சுன்வுய்
ஜனவரி 22, 1982

ஆ-வான்,

நான் நலம்.

உன்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு இதைச் சொல். தோலைச் சீவிவிட வேண்டும். தோல் குளிர்ச்சி. வயிறு வெறுமையான பிறகு உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது. தட்டி, எண்ணெய் விடாமல், ஓரம் சுருங்கும்வரை வறுக்க வேண்டும். பிறகு நல்லெண்ணெயில் கோழியைப் புரட்டி, அரிசிச் சாராயம் ஊற்றி, தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல் காய்ச்ச வேண்டும். உன் அம்மா அப்படித்தான் செய்வாள்.

பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டுக்குள் இருப்பதைப் பெரிய மாதம் என்போம். பிள்ளை தங்காமல் போனவள் இருப்பது சின்ன மாதம். பெயர்தான் சின்னது. இரண்டுக்கும் ஒரே இஞ்சி, ஒரே சாராயம், ஒரே ஓய்வு. பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அழுதால் கண் கெடும் என்பார்கள். அந்த ஒன்றை மட்டும் அவள் கேட்க வேண்டாம். அழுகை வந்தால் அழட்டும்.

இதை யாரோ அந்நியன் சொன்னதாக அவள் நினைக்க வேண்டாம். அவளுக்கு ஓர் அப்பா இருந்தால் அவரும் இதையேதான் சொல்வார்.

ஒரு சந்தேகம். முடிந்தால் அவளிடம் கேட்டு எழுது. குமட்டலுக்கு அவள் இஞ்சி சாப்பிட்டாளா? மூன்று துண்டா, ஆறு துண்டா?

அப்பா


ஹார்பின்
பிப்ரவரி 12, 1982

அப்பா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

அப்படி ஒரு தோழி இல்லை. உங்களுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. சுமக்கிறவள் யாரும் தோல் சீவிய இஞ்சியைப் பற்றிக் கேட்கமாட்டாள், அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அல்லது யோசித்துத்தான் எழுதினேனோ என்னவோ.

டிசம்பர் கடைசியில், வேலை முடிந்து படியிறங்கும்போது வலி எடுத்தது. வழுக்கவில்லை, விழவில்லை, எதையும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காரணம் எதுவும் சொல்லவில்லை. சில குழந்தைகள் தங்குவதில்லை என்றார் மருத்துவர். பெண் குழந்தை. தாதி என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் அப்பா. தினமும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஆறு துண்டு போடச் சொன்ன உங்கள் கடிதம் மறுநாள்தான் வந்தது. சுன்லின் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். தொப்பி ஆற்றில் விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டார், மேலே படிக்க முடியவில்லை. நான் வாங்கிப் படித்தேன். அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தக் கேள்வியை உங்களுக்குள் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்லாமலே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பதில் இதுதான்: மூன்றுதான் அப்பா. ஒருநாளும் மூன்றுக்கு மேல் இல்லை.

அத்தை ஆஸ்பத்திரியில், "அந்த இஞ்சி..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. நீங்கள் செய்முறை எழுதிய கடிதம் வந்த அன்று, என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். "நீ உக்காரு. உங்கப்பா எழுதினத ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டு, நான் வறுக்குறேன்" என்றார். வறுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இஞ்சிப் புகை என்றார். கோழி கிடைக்க எங்கே போய் வரிசையில் நின்றாரோ, சொல்லவே இல்லை. சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் கால் சூடேறியது.

ஜாடியைக் கொட்டிவிடுங்கள். அது அங்கே மூடியோடு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் மகள்


ஹார்பின்
மார்ச் 28, 1982

அன்புள்ள அப்பா,

நலமா? நாங்கள் நலம்.

பதில் வரவில்லை. கோபமா? உடம்பு சரியில்லையா? ஃபுங் பெரியம்மாவையாவது எழுதச் சொல்லுங்கள். மூன்று என்று எழுதியது சத்தியம். இஞ்சியால் எதுவும் ஆகவில்லை. நான் ஒருநாளும் அப்படி நினைக்கவில்லை.

ஒரு வரி போதும்.

ஆ-வான்


சுன்வுய்
ஏப்ரல் 20, 1982

என் ஆ-வானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மீது எனக்கு என்ன கோபம்? உன் இரண்டு கடிதமும் சட்டைப்பையிலேயே இருந்தன. உன்னைக் காக்கவைத்தது தப்புத்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

மூன்று என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா, அல்லது அப்பனைத் தேற்றுவதற்கா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் மருந்துக்கடை லோ வைத்தியரிடம் போய் மூன்றுக்கும் ஆறுக்கும் சேர்த்தே கேட்டேன். அந்த அம்மாள் தராசை நிறுத்தவில்லை. "அஞ்சு மாசப் புள்ளைய ஆறு துண்டு இஞ்சி கொன்னுபுடும்னா, இந்த ஊருல ஒரு ஆளு பொறந்திருக்க மாட்டான். நீயும் பொறந்திருக்க மாட்ட" என்றார். மறுநாளும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். கடைசியில் தராசைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "திம்-ஹோய், இஞ்சி குமட்டலுக்கு. அம்புட்டுத்தான். அதுக்கு உசுரு குடுக்கவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. இனிமே இத கேட்டு வந்த, கதவ சாத்திருவேன்" என்றார். அதற்குப் பிறகு போகவில்லை. நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். முக்கால்வாசி நம்பிவிட்டேன்.

ஜாடியைக் கொட்டச் சொன்னாய். ஆற்றங்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டும் போனேன். கை வரவில்லை. மாதாமாதம் அந்தப் பிள்ளைக்காக அடுப்பு மூட்டியிருக்கிறேன். அவள் வரவே இல்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? அசைந்தாள் என்று நீதானே எழுதினாய். தறிக்குத் தாளம் போட்டாள் என்று எழுதினாய். அவள் வந்தாள், தங்கவில்லை, அவ்வளவுதானே?

அதனால் ஜாடியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். இந்த மாதம் வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் பிறந்திருக்க வேண்டிய மாதம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்றிக்காலும் முட்டையும் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். வாசம் போனதும் ஃபுங் அண்ணி ஓடி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏன்யா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இது நல்லதுக்குத் தெறக்குற ஜாடி. போன புள்ளைக்கு எவனாச்சும் கிண்ணம் குடுப்பானா? யாரு வாங்குவா? யாரும் தொட மாட்டாங்க!"

"தொட வேணாம். நான் யார் வீட்டுக்கும் கொண்டுபோகல. மூடிய மட்டும் தெறக்கிறேன்."

"பொண்ணுக்குத் தெரிஞ்சா அழுவா."

"ஏற்கெனவே அழுதுக்கிட்டுத்தான் இருக்கா அண்ணி."

அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் ஜாடியை வாசலில் ஒரு முக்காலியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், சொன்னேன். தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். சரி, நானே உட்கார்ந்து தின்று தீர்க்கிறேன் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டை வாங்கிவிட்டோம் என்று கவலையாகவும் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஃபுங் அண்ணி மறுபடி வந்தாள். முன்வாசல் வழியாகவே வந்தாள். கையில் இரண்டு கிண்ணம்.

"எனக்கு ரெண்டு ஊத்து" என்றாள். "ஏன்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அவளுக்கும் தங்காமல் போனது உண்டென்று எனக்குத் தெரியாது. இரண்டையும் நிறைய ஊற்றினேன். அவள் முக்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைச் சாப்பிட்டாள். மற்றதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "உப்பு இல்ல. இஞ்சி மட்டும் நல்லா வறுத்திருக்க" என்றாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, மற்றவர்களும் வந்தார்கள். படகுத்துறையில் சீட்டு கிழிக்கிற பெண் வந்தாள். தையல்காரர் மனைவி வந்தாள். போன மாதம் பேரனுக்கு ஜாடி திறந்த வீட்டுக் கிழவியும் வந்தாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். லோ வைத்தியர்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்தார் ஆ-வான். கிண்ணத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த ஒரு கிண்ணம் அளவை மட்டும் உனக்காக எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் என் வாசலுக்கு அரிசி வந்தது, முட்டை வந்தது, சிவப்புத் தாளில் சுற்றிய பேரீச்சை வந்தது. எந்தக் கையும் வெறுமையாக வரவில்லை.

ஃபுங் அண்ணிதான் கேட்டாள், "அந்தப் பேரு என்னய்யா?" என்று. போனதற்குப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஜாடி திறக்கும் நாளில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லாரும் இருக்கும்போது சத்தமாகவே சொன்னேன்.

நுவான். வெதுவெதுப்பு என்று அர்த்தம். உன் ஊர்க் குளிரை நினைத்து வைத்த பெயர்.

உன் பங்கைத் தகரப் போத்தலில் அடைத்து, மெழுகால் மூடி அனுப்புகிறேன். நம் வீட்டு நீலக் கிண்ணத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சுடவைத்துச் சாப்பிடு. உன் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் கொடு. கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

அப்பா


ஹார்பின்
மே 16, 1982

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை அதை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பனி முழுக்கப் போய்விட்டது.

போத்தல் ஒழுகாமல் வந்தது. மூன்று பேருக்கும் பிரித்தேன். சுன்லின் முதல் வாயிலேயே இருமிவிட்டு, "உங்கப்பா இதுல எஞ்சின் எண்ணெய ஊத்திட்டாரா?" என்றார். ஆனாலும் கிண்ணத்தை வழித்துவிட்டார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டிசம்பரிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை மெதுவாகச் சாப்பிட்டார். நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீங்கள் பெயரை எழுதிய இடம் வந்ததும் நிறுத்தினேன். குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நுவான்" என்று சொன்னேன். எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் சொன்னேன்.

அத்தை நிமிர்ந்தார். "யாரும்மா அது?"

"உங்க பேத்தி அத்தை" என்றேன்.

அவரும் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நல்ல பேரு. நம்ம ஊருக்கு ஏத்த பேரு" என்றார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, எனக்காகப் போன வருடம் சேர்த்து வைத்த தினையை எடுத்து, உங்கள் நீலக் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் கொட்டினார். "இது அவளுக்குன்னு வெச்சது. வெறுங்கிண்ணமா அனுப்பினா அந்த மனுசன் என்ன நெனப்பாரு?" என்றார்.

தினையோடு அனுப்பினால் வழியில் சிந்திவிடும் என்று சுன்லின் சொல்கிறார். எனக்கும் அந்தக் கிண்ணத்தைத் தபாலில் விட மனமில்லை. ஆலையில் விடுப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் ரயில் ஏறுகிறேன். கிண்ணத்தை மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன்.

படகுத்துறையில் சங்கு ஊதாதீர்கள். ஊதினால் ஜனங்கள் மூட்டையோடு ஓடி வருவார்கள்.

உங்கள் மகள்
சுத்-வான்